பெட்டியைத் தூக்கிப் போடவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

டிவியில் மாட்டி வீடியோ பார்க்கிற பெட்டி மக்கர் பண்ணுகிறது என்றதும், "அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கப்பா, வேற வாங்கிக்கலாம்" என்று போனில் சொன்னாய். போடவில்லை. நாலு நாள் அதோடு மல்லுக்கட்டியதில் பாதிக் கோளாறு சரியாகிவிட்டது. மீதி உன் கையில் இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளைப் புள்ளிகள். எந்த வீடியோ போட்டாலும் மினுக் மினுக்கென்று வந்தன. பெட்டியின் மெனுவிலும் வந்தன. மெனுவிலேயே வந்தால் ஃபைலைக் குறை சொல்ல முடியாதே! எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன், போயிற்று. பழையது டிவிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்திருக்கிறது. "முதல் நாளே சொன்னேன்" என்கிறாள் உன் அம்மா. சொன்னாள்தான்.

அடுத்து, கட்டம் கட்டமாக உடைவது. உடைந்த இடத்திலிருந்து அரை நிமிடம் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். இடம் மாறி மாறி உடைந்தால் கேபிள், அடாப்டர் என்று தேட வேண்டும். வைஃபை மோசமென்றால் பெரும்பாலும் நின்று நின்றுதான் ஓடும். இது ஒவ்வொரு தடவையும் அதே நொடியில் உடைந்தது. நீ சைக்கிள் பழகின வீடியோ அது. சைக்கிளோடு நீ போய்விட்டாய், உன் ரிப்பன் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு கோடாக இழுபட்டது. மூன்று நொடி கழித்துத் திரை பளிச்சென்று தெளிந்தது. ஏன் என்று படித்துப் பார்த்தேன். வீடியோவில் எல்லாப் படமும் முழுதாகப் பதிவாவதில்லையாம். அவ்வப்போது ஒரு முழுப் படம், நடுவில் எது எங்கே நகர்ந்தது என்ற கணக்கு மட்டும். அந்தக் கணக்கில் ஒரு துண்டு கெட்டால், அடுத்த முழுப் படம் வரும்வரை கறை கூடவே வரும். கம்ப்யூட்டரில் இருந்த மூலம் நன்றாக ஓடியது, பென்டிரைவில் இருந்த காப்பிதான் கெட்டிருந்தது. திரும்ப ஏற்றினேன், சரியாகிவிட்டது.

அப்புறம்தான் உன் விஷயம். குட்டி முதல் அடி வைக்கிற வீடியோ ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். சத்தம் மட்டும் சுத்தமாக இருக்கிறது, உன் கைதட்டல்கூடக் கேட்கிறது. அதே காட்சி வாட்ஸ்அப்பில் வந்ததைப் போட்டேன், மங்கலாக இருந்தாலும் ஓடியது. இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டேன். வீடியோவைச் சுருக்கிப் பதிய வெவ்வேறு முறைகள் உண்டாம். வாட்ஸ்அப்பில் வந்தது எச்.264 முறை, 8 பிட். உன் புது போன் எடுத்தது எச்.265, 10 பிட். அதாவது ஒரு நிறத்துக்கு 256 படிகளுக்குப் பதில் 1024 படிகள். இந்தப் பெட்டியின் சிப்புக்கு 265 தெரியும், ஆனால் 8 பிட் வரைதான்.

சந்தேகம் தீர, பிளேயரில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை, அதாவது வீடியோவைப் பிரிக்கும் வேலையைச் சிப்பில் அதற்கென்றே இருக்கும் பகுதியிடம் விடுவதை, அணைத்துப் பார்த்தேன். நிறம் திரும்பிவிட்டது! ஆனால் அத்தனை வேலையும் பிராசசர் தலையில் விழுந்ததில் படம் திக்கித் திணறி நகர்ந்தது. குட்டி தூக்கின கால் தரைக்கு வரவே இல்லை, சத்தம் எங்கோ முன்னால் போய்விட்டது. பெட்டியைத் தொட்டால் கை சுட்டது. உடனே பழையபடி வைத்துவிட்டேன்.

அதனால் உன் போன் கேமரா செட்டிங்கில் எச்டிஆரை அணைத்துவிடு, நிறமும் வெளிச்சமும் கூடுதலாகத் தெரிய 10 பிட்டில் எடுப்பது அதுதான். எச்.264 என்றோ, எல்லாக் கருவியிலும் ஓடும் என்றோ ஒரு தேர்வு இருந்தால் அதையே வை. 1080 போதும், எங்கள் கண்ணுக்கு 4கே வித்தியாசம் தெரியப்போவதில்லை. ஏற்கெனவே எடுத்ததை உன் லேப்டாப்பில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் போட்டு 8 பிட் எச்.264 ஆக மாற்றி அனுப்பு. நானும் மாற்றிப் பார்த்தேன், நிறமெல்லாம் வெளிறிப்போய் வந்தது. எச்டிஆரைச் சாதாரண நிறத்துக்குக் கொண்டுவரும் இடத்தில் ஏதோ தவறவிட்டிருக்கிறேன். மாற்றினதை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பு, இல்லாவிட்டால் அது இன்னொரு தடவை சுருக்கிவிடும்.

அவசரமில்லை. உன் அம்மா அந்தப் பச்சை வீடியோவையே தினமும் இரண்டு தடவை போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அழிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா