முதலில் ஒரு நாள் குறியுங்கள்

இந்தியக் கால்பந்தை நடத்தும் பெரியோர்களுக்கு,

வணக்கம். நின்றுபோன ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) எப்போது தொடங்கும் என்று கேட்கும் இந்தக் கடிதத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று யோசித்ததிலேயே இரண்டு நாள் போய்விட்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தைக் கேட்டால் லீக் நடத்தும் கம்பெனியைக் கேள் என்பீர்கள். கம்பெனியைக் கேட்டால் சம்மேளனம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்பார்கள். கிளப்காரர்கள் இரண்டு பேரையும் கை காட்டுவார்கள். கடைசியில் எல்லாரும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தைக் காட்டுவீர்கள். அதனால், இந்த நாட்டுக் கால்பந்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள அத்தனை பேருக்கும் பொதுவாக எழுதுகிறேன். யார் மேசையில் போய் விழுந்தாலும் சரி.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில், தூத்தூர் பக்கத்துக் கரையில், 31 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்களில் பங்குத் திருவிழாவுக்கு வசூல் செய்வது போலவே டோர்னமென்டுக்கும் வீடு வீடாக வசூல் உண்டு. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மைக்கேல் சூசைராஜ் இந்தக் கரையிலிருந்துதான் இந்திய அணி வரைக்கும் போனார். அவருக்குப் பிறகு எத்தனை பேர் வீட்டில் பையன்களை அதட்டாமல் மைதானத்துக்கு அனுப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இந்த 2025 நவம்பர் 18 ராத்திரி டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றோம். 22 வருடத்தில் அவர்களிடம் முதல் தோல்வி. அந்த ஆட்டத்தை என் வீட்டுத் திண்ணையில், ஒரு போனைச் சுவரில் சாய்த்து வைத்து, ஐந்தாறு பேராகப் பார்த்தோம். அதில் ஒருவன் என் பழைய மாணவன். பெயர் வேண்டாம், பையன் என்றே சொல்கிறேன். 22 வயது, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். அவன் மட்டும் கீழே உட்காரவில்லை. உட்கார முடியாது, வலது காலில் முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். அவன் மட்டும் வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"சாரே, தேதி வந்தாச்சா?"

நாலு மாதமாக அவன் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மே மாதம் ஒரு கிளப் அவனோடு ஒப்பந்தம் போட்டது. எந்தக் கிளப் என்பது இங்கே முக்கியமில்லை, அவர்கள் நிலைமையும் பரிதாபம்தான். ஜூலையில் கேம்ப் என்றார்கள். ஜூலையில், லீக் தற்காலிகமாக நிறுத்திவைப்பு என்று செய்தி வந்தது. ஆகஸ்டில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி: மறு அறிவிப்பு வரும்வரை வீட்டிலேயே இருக்கவும். சம்பளம் பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை, அதற்குப் பிறகு வங்கிக் கணக்கிலும் ஒன்றும் இல்லை.

சரி, வேறு வேலை பார்க்கலாமே என்பீர்கள். இங்கேதான் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிற மீன்பிடிக்காரர்கள் இல்லை. ஆழ்கடல் போட். ஐஸும் டீசலும் அரிசியும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் 40 நாள் ஆகும் கரை திரும்ப. நடுக்கடலில் சிக்னல் கிடையாது. பையனின் அப்பாவும் அப்படிப்பட்ட போட்டில்தான் போகிறார். செப்டம்பரில் அவனையும் கூப்பிட்டார். பையன் போகவில்லை. பதினைந்தாவது நாளில் கிளப்பிலிருந்து கூப்பிட்டால்? வராதவன் இடத்தில் இன்னொருவனை எடுத்துவிட்டால்? "அடுத்த வாரம் தெரிந்துவிடும்" என்று பத்திரிகையில் வாராவாரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் போனைச் சார்ஜில் போட்டு வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தான். லீக் பிப்ரவரியில்தான், அல்லது இந்த வருடம் லீகே கிடையாது என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் இரண்டு நடை கடலுக்குப் போய் வந்திருப்பான். வீட்டுக் கடனில் பாதி அடைந்திருக்கும்.

அப்புறம் நவம்பரில், அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் சீசன் தொடங்கியது. மலப்புறம் பக்கத்தில் ஆள் கேட்டார்கள், ஆட்டத்துக்கு 2,000 ரூபாய். ராத்திரி லைட் போட்டு, அறுவடை முடிந்த வயலில் ஆடுவது. மூங்கில் கேலரி நிறையக் கூட்டம் இருக்கும், ஆனால் காலுக்குக் கீழே கட்டாந்தரை. போகாதே என்று சொன்னேன். "ஓடாம இருந்தா கால் மறந்துரும் சாரே" என்றான். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு பள்ளத்தில் கால் மடங்கிக் கணுக்காலில் எலும்பு விரிசல். வாங்கியது 6,000. ஆஸ்பத்திரிக்கு ஆனது 18,000. இன்சூரன்ஸ் எல்லாம் கிளப்பில் சேர்ந்த பிறகு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதாம்.

அவன் விழுந்தது செவன்ஸ் மைதானத்தில், அதற்கு உங்களை நான் குற்றம் சொல்ல முடியாது. அவனை அந்த வயலுக்கு அனுப்பியது எது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பணமில்லை, வேலை இல்லை, புதிய ஸ்டேடியம் இல்லை. லீக் எந்தத் தேதியில் தொடங்கும், எந்தத் தேதியில் முடியும் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு வெளியிடுங்கள். இந்த வருடத்துக்கு மட்டுமல்ல, அடுத்த மூன்று வருடத்துக்கு. முதல் டிவிஷன், இரண்டாவது, மூன்றாவது, பெண்கள் லீக், ஜூனியர் போட்டிகள் எல்லாவற்றுக்கும். நாள் குறித்தால்தான் பந்தல்காரன் வருவான், சமையல்காரன் வருவான். நாள் குறிக்காத கல்யாணத்துக்கு யாரும் மொய் எழுத மாட்டார்கள். லீக்கை நடத்த ஆள் கேட்டு நீங்கள் விட்ட டெண்டருக்கு நவம்பர் 7 வரைக்கும் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லையே, அதைப் பார்த்து உங்களுக்கு ஆச்சரியம் வந்ததா என்று தெரியவில்லை. எங்களுக்கு வரவில்லை.

வழக்கு நடந்தது, கை கட்டப்பட்டிருந்தது என்பீர்கள். உண்மைதான். சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு 2017 முதல் உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது, தீர்ப்பு வரும்வரை புதிய ஒப்பந்தம் வேண்டாம் என்று நீதிமன்றமே சொன்னது, இந்த செப்டம்பர் 19-ல்தான் முடிவு வந்தது. எல்லாம் சரி. ஆனால் வருடத்துக்கு 50 கோடி ரூபாய் வீதம் 15 வருட ஒப்பந்தம் போட்டது 2010-ல். அது இந்த டிசம்பர் 8-ல் முடியும் என்று அன்றைக்கே தெரியும். 15 வருடம் முன்னால் உங்கள் கையில் இருந்த ஒரே தேதி அதுதான், அதையும் மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் போட் லைசன்ஸ் முடிவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்கள்.

பழைய பெருமையை நான் இங்கே ஒப்பிக்கப் போவதில்லை. 1951 டெல்லி ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் நாலாம் இடம், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கம் எல்லாம் உங்கள் மேடைப் பேச்சுகளில் தவறாமல் வருகிறவை. ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராகவே கூச்சல் போட்ட கூட்டத்துக்கு நடுவே, தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோலும் பி.கே. பானர்ஜி ஒரு கோலும் போட்டு, தென்கொரியாவை 2-1 என்று வென்றோம். கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றவர் மெட்ராஸ் ரெஜிமென்டில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ். இதைச் சொல்லும்போது என் வயசுக்காரர்களுக்கு இன்னும் தொண்டை அடைக்கும். ஆனால் அந்தக் காலத்து ஆட்டக்காரனிடம் இன்றைக்கு இல்லாத ஒன்று இருந்தது. காலண்டர். மழைக்காலத்தில் கல்கத்தா லீக், அடுத்து ஷீல்டு, பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை, டெல்லியில் டூரண்ட், இடையில் மாநிலத்துக்காக சந்தோஷ் டிராபி. எந்த மாதம் எந்த ரயிலில் இருப்போம் என்று அவர்களுக்கு மனப்பாடம். பயிற்சியாளர் ரஹீம் சாகிப் கேம்ப் கூப்பிட்டபோது ஆடி ஆடி உரமேறிய கால்களோடு வந்தார்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கும் லீக் தொடக்கத்துக்கும் தேதி மோதியது. கிளப்கள் ஆளை விடவில்லை. கிடைத்தவர்களைப் பொறுக்கிச் சேர்த்து அனுப்பினீர்கள். அவர்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் போய் இறங்கி, தூக்கம் கலையாமல் சீனாவிடம் 5-1 வாங்கினார்கள். இந்த வருடம் அக்டோபரில் சிங்கப்பூரிடம் கோவாவின் மட்காவ் நகரில் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வாய்ப்பையே இழந்தோம். அந்த ஆட்டத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல் மாதத்துக்குப் பிறகு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாதவர்கள். கோல் போட ஆளில்லாமல், 40 வயதில் ஓய்விலிருந்து சுனில் சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டோம். அவரும் வந்தார், மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார், பெரிய மனுஷன். ஃபிஃபா உலகத் தரவரிசையில் 2023 ஜூலையில் 99-ல் இருந்த நாம் 2025 நவம்பரில் 142.

140 கோடிப் பேரில் பதினொரு பேர் கிடைக்கவில்லையா என்கிற டீக்கடைக் கேள்வியைக் கேட்க நான் வரவில்லை. இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. நாம் டாக்காவில் தோற்ற அதே நவம்பர் 18-ல், அவர்களுக்கு ராத்திரி, நமக்கு விடிந்த பிறகு, கரீபியன் கடலில் உள்ள குரசாவோ என்கிற தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம், எங்கள் நாகர்கோவில் நகரத்தைவிடக் குறைவு. அவர்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் 2019-ல் தாய்லாந்தில் அதே குரசாவோவோடு நாம் ஆடியிருக்கிறோம். 3-1 என்று தோற்றோம், இரண்டாவது பாதியில் கோலே விடவில்லை. ஆறு வருடத்தில் அவர்கள் எங்கே போய்விட்டார்கள்!

இந்த ஆறு வருடத்தில் நாம் சும்மா இருந்தோம் என்றும் சொல்ல முடியாது. இரண்டாவது டிவிஷனான ஐ-லீக்கின் கோப்பையை இந்த ஏப்ரலில் சர்ச்சில் பிரதர்ஸ் கையில் கொடுத்தீர்கள். ஜூலையில் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்திலிருந்து, இல்லை, சாம்பியன் இன்டர் காசி என்று தீர்ப்பு வந்தது. உள்ளூர் ஆட்டத்தில் ஜெயித்தது யார் என்று தெரிந்துகொள்ள ஆல்ப்ஸ் மலை வரை போய் வந்தோம். அதே ஜூலையில் இந்திய அணியின் பயிற்சியாளர் வேலைக்கு உலகப் புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் ஷாவியும் குவார்டியோலாவும் விண்ணப்பித்ததாக ஒரு பரபரப்பு. பிறகு அந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று நீங்களே அறிக்கை விட்டீர்கள். 2022-ல் அணிக்கு ஊக்கம் கொடுக்க என்று ஜோதிடக் கம்பெனி ஒன்றுக்கு 16 லட்சம் ரூபாய் கொடுத்ததாகச் செய்தி வந்தது. அப்போது இருந்த நிர்வாகம் வேறு என்பீர்கள், இருக்கட்டும். ஜோசியரைப் பிடித்தவர்கள் அப்படியே லீக் தொடங்க ஒரு நல்ல நாளும் கேட்டு வைத்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மன்னிக்க வேண்டும். வாத்தியார் வாய், ஆரம்பித்தால் நிற்காது. உங்களைக் கேலி செய்ய இந்தக் கடிதம் இல்லை. காலித் ஜமீலை இந்திய அணியின் பயிற்சியாளராக நியமித்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். அவர் வந்த ஒரே மாதத்தில் ஓமனை பெனால்டியில் வென்று மத்திய ஆசியப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கிக் கொடுத்தார். நம் பெண்கள் ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போகிறார்கள். அந்தப் போட்டி ஆஸ்திரேலியாவில் மார்ச் 1-ல் தொடங்குகிறது என்பது இப்போதே எங்கள் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகளுக்குத் தெரியும், சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஏனென்றால் அதற்கு நாள் குறித்தது நீங்கள் இல்லை, ஆசியக் கூட்டமைப்பு.

ஆகவே பணிவோடு திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பந்தம் யாருக்குப் போகிறது, யார் பங்கு எவ்வளவு என்பதையெல்லாம் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். முதலில் தேதியைச் சொல்லுங்கள். தள்ளிப்போகும் என்றால் அதையும் சொல்லுங்கள். இந்த வருடம் லீக் நடக்காது என்பதுதான் பதில் என்றால், அந்தப் பதிலையாவது கொடுங்கள். கேட்டுவிட்டுப் பையன்கள் போட் ஏறிவிடுவார்கள்.

போன வாரம் பையனை மறுபடி எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மாவுக்கட்டுப் பிரிக்க டிசம்பர் 30 செவ்வாய்க்கிழமை, காலை 10 மணி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் திரும்பும்போது, "டிசம்பர் 30-ன்னா ஜனவரி கடைசியில ஓடலாம் இல்லையா சாரே, அதுக்குள்ள தேதி வந்துருமா?" என்று கேட்டான். பதில் உங்களிடம் இருப்பதால் கேள்வியை அப்படியே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்
கன்னியாகுமரி மாவட்டம்
டிசம்பர் 2025