அப்பாவின் ஃபிலிம் ரோல்களைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரிய கடைக்கார ஐயாவுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் அலமாரியில் கழுவப்படாமல் கிடந்த ஃபிலிம் ரோல்களிலிருந்து படங்களை மீட்டுத் தந்தமைக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி. அவற்றுள் ஒன்று கோடாக் நிறுவனத்தின் வண்ண ஃபிலிமான கோடாக்குரோம். அதற்கே உரிய கே-14 என்ற ரசாயன முறையில் கழுவித் தந்த உலகின் கடைசி ஆய்வகமும் (அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் இருந்தது) 2010 டிசம்பர் இறுதியோடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டதால், நாங்கள் விசாரித்த இடங்களிலெல்லாம் தூக்கிப் போடுங்கள் என்றே சொன்னார்கள். தாங்கள் மட்டும், வண்ணம் இனிக் கிடைக்காது என்பதை முதலிலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பார்க்கலாம் என்றீர்கள்.

கேமராவைத் திறந்து ஷட்டரை நாலு முறை தட்டிப் பார்க்காமல் யாருக்கும் ஃபிலிம் விற்கமாட்டார், ஃபிரிட்ஜில் காய்கறிக்கு இடமில்லாமல் ரோல்களை அடுக்கியிருப்பார் என்று தங்களைப் பற்றிப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பிடிவாதம்தான் எங்கள் ரோல்களைக் காப்பாற்றியது. முழு ரோலையும் ஒரேயடியாகத் தொட்டியில் இறக்காமல், இருட்டில் முனையில் ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கழுவி, இத்தனை ஆண்டுகளில் படத்தை மங்கவைக்கும் மூட்டம் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று பார்த்த பிறகே கழுவும் நேரத்தை முடிவு செய்தீர்கள். படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பரின் சூடு 20 டிகிரியைத் தாண்டாதபடி வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோடாக்குரோமின் முதுகில் பூசியிருக்கும் கரிப்படலத்தைச் சோடாக் கரைசலில் இளக்கி, ஈரப் பஞ்சால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தெடுத்தீர்கள். அந்தக் கரி படம் பதிந்திருக்கும் மறுபக்கத்தில் ஒட்டியிருந்தால் படம் முழுவதும் புள்ளி விழுந்திருக்கும்.

தையல் இயந்திரத்திலிருந்து அம்மா நிமிர்ந்து பார்க்கும் படம், ஊசியில் கோத்த நூல் தெரியும் அளவுக்குத் துலக்கமாக வந்திருக்கிறது. சில படங்கள் மூட்டத்தில் மறைந்துபோனதற்குத் தாங்கள் வருத்தம் தெரிவித்தீர்கள். அதற்குத் தேவையே இல்லை, ஐயா.

ரசாயனங்களை அளந்து கலந்து கொடுத்த ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியருக்கும், நெகட்டிவ்களைத் தூசி படாமல் உலர்த்தி ஸ்கேன் செய்த தம்பிக்கும், கடை சாத்தும் நேரம் கடந்தும் முகம் கோணாமல் எங்களை உட்காரவைத்த தங்கள் துணைவியாருக்கும் எங்கள் நன்றி உரியது. அம்மாவின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போடும் வேலையையும் தங்கள் இருட்டறையிலேயே ஒப்படைக்க விரும்புகிறோம். எவ்வளவு நாளானாலும் காத்திருப்போம்.

இப்படிக்கு,
நன்றியுடன் பிள்ளைகள்