முதுகுக்குப் பின்னால் ஒரு சுரங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கப் பயணத் தொடரில், சியாட்டிலிலிருந்து ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பெல்வியூ நகருக்குப் போகும் வழியைப் பற்றி உங்கள் கட்டுரையாளர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: 'நடுவில் ஒரு சுரங்கம், பார்க்க எதுவும் இல்லை.' பெல்வியூ ஓட்டல் நெய் ரோஸ்டுக்கு மட்டும் அரைப் பக்கம்.

அது மவுண்ட் பேக்கர் சுரங்கம். 1940-இல் வாஷிங்டன் ஏரியின் மிதவைப் பாலத்தோடு சேர்ந்து திறந்தது. ஏரியைப் பார்த்த கிழக்கு வாசலில், பூர்வகுடிகளின் கலைப்பாணியில் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் செய்த கான்கிரீட் புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. பெல்வியூ போகிறவருக்கு அவை முதுகுப் பக்கம். பாவம், அவர் எப்படித் திரும்பிப் பார்ப்பார்? 1982-லேயே தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் ஏறிய இடம் ஐயா அது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அங்கே நடக்கப் போவேன். 1989-இல் பக்கத்திலேயே முடித்த புதுச் சுரங்கத்தின் மேல்தட்டில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை உண்டு. வண்டிகள் எல்லாம் காலுக்குக் கீழே உறுமிக்கொண்டு போகும். விட்டம் 63 அடி. குடைந்தது பாறையை அல்ல, களிமண்ணை. தலைக்கு மேலே ஆள் குடியிருக்கும் வீடுகள். அதனால் வட்டத்தைச் சுற்றி 24 சின்னச் சுரங்கங்களைத் தோண்டி, ஒவ்வொன்றையும் கான்கிரீட்டால் அடைத்து வளையமாக்கி, அப்புறம்தான் நடு மண்ணை அள்ளினார்கள். படுக்கைவாட்டில் ஓர் உறைகிணறு என்று வைத்துக்கொள்ளுங்களேன். இதுவா பார்க்க எதுவும் இல்லாதது?

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. முன்பொரு முறை கேள்வி-பதில் பகுதியில் அந்தப் பாலத்தின் மிதவைகளை இரும்பு என்றீர்கள். அவை கான்கிரீட். 1990 நவம்பரில், பழுதுபார்ப்பின் போது மிதவைகளுக்குள் தண்ணீர் புகுந்து பழைய பாலம் மூழ்கியதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன். கடிதம் அச்சில் வரவில்லை, அடுத்த வாரம் அந்த இடத்தில் ராசிபலன் வந்தது. அதற்கு முன்பு அனுப்பிய ஒன்றை இரண்டு வரியாக வெட்டி, 'தொடர் அருமை' என்ற வரியை மட்டும் போட்டீர்கள். வெட்டியது உங்கள் உரிமை, சரி. அருமை என்று நான் எழுதவே இல்லையே!

கிழக்கு வாசலை நானே எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். தபால்தலை அளவில் போட்டாலும் போதும், சன்மானம் வேண்டாம். கட்டுரையாளர் சிரித்துக்கொண்டு நிற்கும் படங்களில் ஒன்றைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
மதுரை (தற்போது சியாட்டில்)