ஐம்பது சாமான் பெட்டி வேண்டாம், கண்ணு

பர்கூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்பு மகளுக்கு,

தோல் வேலை கற்றுக்கொள்ளப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ அனுப்பிய இரண்டு கருவி செட்டின் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐம்பது சாமான் இருக்கிற பெட்டியை வாங்காதே. அதில் பாதிக்குப் பாதி தோலில் பூ வடிவம் பதிக்கிற முத்திரைக் கம்பிகள். ஊசியைக்கூட ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். முத்திரை குத்துவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்ன செட்டே போதும்.

அதில் முதலில் பல் உளியைப் பார். முள்கரண்டி மாதிரி இருக்குமே, தையலுக்குத் துளை போடுவது, அதுதான். நேர்கோட்டுக்கு நாலு பல், வளைவுக்கு இரண்டு பல் என்று இரண்டு உளி வேண்டும். பல்லுக்குப் பல் 4 மி.மீ. இடைவெளி இருந்தால் பர்ஸ், கார்டு உறை எல்லாவற்றுக்கும் ஆகும். மலிவான உளியில் பல் சொரசொரப்பாக இருக்கும். அது தோலில் இறங்கினால் லேசில் வெளியே வராது, இழுக்கிற இழுப்பில் துளை பிய்ந்துவிடும். அப்படி வந்தால் நைஸ் உப்புத்தாளில் பல்லைத் தேய்த்துவிடு. இரும்புச் சுத்தியலால் மட்டும் அதன் தலையில் அடிக்காதே. மரக் கொட்டாப்புளி, இல்லையென்றால் நைலான் சுத்தியல்.

செட்டோடு வரும் கத்தி பெரும்பாலும் உதவாது. பிளேடு மாற்றுகிற கட்டரும் இரும்பு ஸ்கேலும் தனியாக வாங்கிக்கொள். கத்தி மழுங்கினால் அழுத்தி இழுப்பாய், வழுக்கிக் கையில் பட்டுவிடும். பிளேடுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே.

பெல்ட் யூனிட்டில் நான் இருந்தபோது எல்லாம் மெஷின் தையல்தான். அதில் மேல்நூலும் கீழ்நூலும் கோத்துக்கொண்டு நிற்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர ஆரம்பிக்கும். நீ கற்கப்போகும் கைத்தையலில் ஒரே நூலுக்கு இரண்டு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போய்வரும். ஓர் இடத்தில் அறுந்தாலும் எதிர்ப்பக்க இழை பிடித்துக்கொள்ளும். ஒரே துளையில் இரண்டு ஊசியும் போய்வருவதால் முனை மழுங்கிய ஊசிதானா, நூலுக்கு மெழுகு ஏற்றியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தைக்கிற நீளத்தைப்போல நாலு மடங்கு நூலை வெட்டிக்கொள்.

தோல் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வெட்டிய ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது குரோம் உப்பில் பதனிட்ட தோல். பைக்கு நல்லது, ஆனால் உனக்கு இப்போது வேண்டாம். ஆவாரம் பட்டை, கடுக்காய் மாதிரி தாவரச் சரக்கில் பதனிட்ட தோல் உள்ளேயும் பழுப்பாக இருக்கும். ஓரத்தை லேசாக நனைத்து மரக்கட்டையால் தேய்த்தால் பளபளவென்று படிந்துவிடும். முத்திரையும் அதில்தான் நிற்கும். பர்ஸுக்கு 1 முதல் 1.5 மி.மீ. கனம் போதும்.

அங்கே தோலுக்காக அலையாதே. அடுத்த வாரம் வாணியம்பாடி போகிறேன். தெரிந்த கடையில் வெட்டுத் துண்டுகள் கேட்டு வாங்கிப் பார்சல் போடுகிறேன். உன் புது வீட்டு முகவரியைப் பின்கோடோடு அனுப்பு. அம்மா முருங்கைப் பொடியும் வைக்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா