மண்வெட்டியை வாங்கிக்கொண்ட அக்காவுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்க் கபடிப் போட்டி ஒருவழியாக முடிந்து, ஞாயிற்றுக்கிழமை இரவே கோப்பையும் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை இரவு மழையில் மைதானம் சேறாகிக் கிடந்த நிலையைக் காங்கேயம் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை என்பதால் அதை மறுபடியும் விவரிக்கவில்லை. பந்தல்காரர், விடியும்வரை ஜெனரேட்டரை ஓடவிட்டவர், வெளியூர் வீரர்களுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்தவர்கள், இரண்டாம் முறை உலை வைத்த சமையல்காரர்கள், நடுவர்கள் அனைவருக்கும் குழுவின் செயலாளராகக் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஆனால் என்னை இந்த மடலை எழுத வைத்தவர், தென்னை நார் ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. யாரும் கேட்காமலே, முதலாளியிடம் சொல்லிவிட்டு, காய்ந்த நார்க்கழிவை 40 சாக்குகளில் கட்டி இரவு 11 மணிக்குக் கொண்டுவந்து இறக்கினார். நார்க்கழிவு தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் குழுவில் ஒருவருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. நானோ கணுக்கால் சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அருகில் வந்து என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். "ஏனுங் தம்பி, நீங்களே மம்முட்டி புடிச்சுட்டு நின்னா, இத்தன பசங்களுக்கு வேல சொல்றதாருங்க?"

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கும் எனக்கு அது சுருக்கென்றது. மேடை ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 32 அணிகளில் 16 மிஞ்சியிருந்தன. ஆட வேண்டியவை 15 ஆட்டங்கள். இடைவேளையோடு ஆட்டத்துக்கு 45 நிமிடம் என்றால், மிஞ்சிய ஒரே களத்தில் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கால் இறுதி வரையிலான 12 ஆட்டங்களில், ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் 20 நிமிடம் என்பதை 15 ஆக்கினால் 2 மணி நேரம் மிச்சம். அணித்தலைவர்களை அழைத்து, எதையும் மறைக்காமல் சொல்லிக் கேட்டேன்; முணுமுணுப்போடுதான், ஆனாலும் 16 பேரும் சம்மதித்தார்கள்.

கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவரை ஏவிவிடலாம். மைதானத்துக்குச் சும்மா வந்தவரிடம் அது செல்லாது. காரணம் சொல்லித்தான் கேட்க வேண்டும். இத்தனை வருட உத்தியோகத்தில் நான் பழகாத வித்தை அது. செவ்வாயன்று ஷேடு மாறி வந்த துணியால் ஒரு ஷிப்மெண்ட் தடுமாறியபோது, வழக்கம்போல் நானே கட்டிங் மேசைக்கு ஓடாமல், கட்டிங் மாஸ்டரையும் செக்கிங் பெண்களையும் கூப்பிட்டு, "என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று கேட்டேன். வழியை அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டுப் போட்டியில் களப் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் முழுதாக விட்டுவிடுவதாக இங்கேயே வாக்குக் கொடுக்கிறேன்.

அக்கா, உங்கள் 40 சாக்குகளில் 37 கிடைத்துவிட்டன. மீதி மூன்றை எடுத்துப் போனவர்கள், தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் மைதானத்து ஷெட்டில் போட்டுவிடுங்கள்.