புதுக் கட்டடத்துக்குத் தண்ணீர்க் கட்டணம்: ரத்து வேண்டாம், கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுக் கட்டடங்களிடம் குடிநீர் வாரியங்கள் வாங்கும் கட்டணங்களை அடியோடு ரத்து செய்ய வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையில் பாதி எனக்குச் சம்மதம், மீதிப் பாதியோடு சண்டை. பல இடங்களில் கண்ணை மூடிக்கொண்டுதான் தொகை போடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் ரத்து செய்தால் அந்தச் செலவு மறைந்துவிடாது, வேறு யாரோ கட்டுவார்கள். அது யார் என்று கட்டுரையாளர் சொல்லவே இல்லை. கட்டடங்களுக்குக் குழாய், கழிவுநீர் வரைபடம் போட்டு இணைப்புக்கு விண்ணப்பிப்பதுதான் என் பிழைப்பு, என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் கட்டணம் கட்டுகிற பக்கத்துக்காரர்கள், அதனால் நான் வாரியத்துக்காகப் பேச வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையில் 'இணைப்புக் கட்டணம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருப்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தெருவில் ஓடும் மெயின் லைனில் துளை போட்டு, மனை வரை குழாய் இழுத்து, மீட்டர் வைத்து, வெட்டிய சாலையை மூடிக் கொடுப்பதற்கான கூலியும் பொருளும் அதில் ஒன்று. இதில் மர்மம் கிடையாது, எஸ்டிமேட்டைக் கையில் வாங்கி வரிவரியாகச் சரிபார்க்கலாம். தெருவில் மெயின் லைனே இல்லாமல் பக்கத்துச் சாலையிலிருந்து நீட்ட வேண்டியிருந்தால் அந்தச் செலவு தனி. மூன்றாவதுதான் எல்லாருக்கும் எரிச்சலைக் கிளப்புவது: இந்தக் கட்டடம் வருவதால் சுத்திகரிப்பு நிலையத்திலும் பம்பிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெரிய குழாய்களிலும், அப்புறம் கழிவுநீர்ப் பக்கத்திலும் அது பிடித்துக்கொள்ளும் கொள்ளளவுக்கான பங்கு. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால்தான் 'வாசலில் பத்தடிக் குழாய் போட இவ்வளவா' என்ற கேள்வி வருகிறது.

வாரியம் குழாயையும் பம்பையும் சராசரித் தண்ணீர்த் தேவைக்கு ஏற்றபடி போட முடியாது என்பதை இங்கே சொல்ல வேண்டும். காலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தேவை சராசரியைப்போல இரண்டு, மூன்று மடங்குகூடப் போகும், போதாததற்குத் தீயணைப்புக்கும் தனியாக ஒதுக்க வேண்டும், சின்னத் தெருக்களில் குழாயின் விட்டத்தைத் தீர்மானிப்பதே பெரும்பாலும் இந்தத் தீயணைப்புத் தேவைதான். ஆக, இன்று நிரம்பி வழியாத அமைப்பு நாளை நூறு வீடு வந்தால் திணறும். அந்தச் செலவைப் புதிதாக வருகிறவர் கட்டாவிட்டால், ஏற்கெனவே மாதாமாதம் பில் கட்டிக்கொண்டிருப்பவர் கட்ட வேண்டும், வேறு வழி இல்லை.

இது சும்மா ஊகம் இல்லை, நடந்த கதை. சிட்னியில் 2008-ல் வீட்டுக் கட்டுமானம் பெருகட்டும் என்று குடிநீர், கழிவுநீருக்கான டெவலப்பர் கட்டணத்தைப் பூஜ்யம் ஆக்கினார்கள். புது மனைப்பிரிவுகளுக்கான குழாயும் சுத்திகரிப்பும் இலவசமாக வந்துவிடவில்லை, எல்லா வாடிக்கையாளர்களின் பில்லிலும் கரைந்து போனது. கடைசியில் 2024 ஜூலையில் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அதுவும் ஒரே அடியாக வேண்டாம் என்று முதல் ஆண்டு கால் பங்கு, அடுத்த ஆண்டு அரைப் பங்கு, 2026 ஜூலை முதல் முழுத் தொகை என்று படிப்படியாக. பதினைந்து வருடத்துக்கு மேல் பழகிப்போன சலுகையை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் படிகளைப் பார்த்தாலே தெரியும். கட்டுரையாளர் கேட்பது அந்த 2008 முடிவைத்தான்.

சரி, அப்படியானால் வாரியம் கேட்பதை வாயை மூடிக்கொண்டு கட்ட வேண்டுமா? அங்கேதான் நான் கட்டுரையாளர் பக்கம் வருகிறேன். கட்டணம் நியாயமா என்பதற்கு ஒரே அளவுகோல், இந்தக் கட்டடம் எவ்வளவு கொள்ளளவைப் பிடிக்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-லும் 1994-லும் தந்த தீர்ப்புகளின் சாரம் இதுதான்: கட்டட அனுமதிக்கு நிபந்தனையாக எதையாவது கேட்டால், அதற்கும் கட்டடம் உண்டாக்கும் பாதிப்புக்கும் தொடர்பு இருக்க வேண்டும், அளவும் ஏறக்குறையப் பொருந்த வேண்டும். அந்தத் தீர்ப்புகள் நிலத்தைக் கேட்ட வழக்குகளில் வந்தவை, 2013-ல் பணம் கேட்டாலும் அதே சோதனைதான் என்றார்கள். 2024-ல் வந்த வழக்கு சாலைக்கான கட்டணத்தைப் பற்றியது, அதில் சட்டம் போட்டு வாங்குகிறோம் என்ற காரணத்தை மட்டும் காட்டி இந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கொள்ளளவுப் பங்கைக் கணக்கிட ஊருக்கு ஊர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே கட்டி வைத்த அமைப்பில் மிச்சம் இருக்கும் இடத்தை விற்பதுபோலப் பழைய சொத்தின் மதிப்பை வைத்து வகுப்பது ஒரு முறை, இனிமேல் விரிவாக்கத்துக்கு ஆகப்போகும் செலவைப் புதியவர்களின் தலையில் வகுப்பது இன்னொன்று, இரண்டையும் கலப்பவர்களும் உண்டு. எதுவானாலும் தப்பில்லை, ஆனால் ஒரே செலவை இரண்டு தடவை எண்ணக் கூடாது. துருப்பிடித்த பழைய குழாயை மாற்றுவதும் கசிவை அடைப்பதும் இருக்கிறவர்களுக்கான வேலை. அதை 'விரிவாக்கம்' என்று பெயர் மாற்றிப் புது வீட்டுக்காரர் பில்லில் ஏற்றுவது எனக்குத் தெரிந்து நடக்கத்தான் செய்கிறது, அதைக் கட்டுரையாளர் பிடித்திருந்தால் நான் கைதட்டியிருப்பேன்.

கணக்கு முறை சரியாக இருந்தாலும் அளவு எடுக்கும் இடத்தில் அநியாயம் புகுந்துவிடும். அமெரிக்காவில் பரவலாக மீட்டரின் அளவை வைத்துப் பங்கு போடுகிறார்கள். 5/8 அங்குல (ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு) மீட்டர் நிமிடத்துக்கு 20 காலன் விடும், அது ஒரு பங்கு. 1 அங்குல மீட்டர் 50 காலன், அது இரண்டரைப் பங்கு. 2 அங்குலம் 160 காலன், எட்டுப் பங்கு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) வைக்கச் சொல்லி ஒரு துறை கட்டாயப்படுத்தினால், அதற்காகவே 1 அங்குல மீட்டர் போட வேண்டி வரும், தினசரித் தண்ணீர்ச் செலவு ஒரு சொட்டுகூட அதிகமாகாது, ஸ்பிரிங்க்ளர் ஆயுளுக்கும் திறக்காமலே இருக்கலாம், கட்டணம் மட்டும் இரண்டரை மடங்கு! பாதுகாப்புக்குப் போடப்படும் அபராதம் மாதிரி. ஸ்பிரிங்க்ளருக்காக மீட்டரைப் பெரிதாக்கினாலும் சின்ன மீட்டருக்கான தொகையே போதும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

இதைவிட மோசம், பெரிய பங்களாவுக்கும் ஒற்றை அறைக் குடியிருப்புக்கும் 'ஒரு யூனிட்' என்று ஒரே தொகை வாங்குவது. சின்ன வீடு கட்டு என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு இன்னொரு பக்கம் சின்ன வீட்டுக்காரரிடமே சதுர அடிக்கு அதிகமாகக் கறக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் வீட்டோடு சேர்த்துக் கட்டும் துணை வீடுகளுக்கு இதைச் சட்டத்தாலேயே திருத்தியிருக்கிறார்கள்: இணைப்புக் கட்டணம் வாங்குவதானால் பரப்பளவையோ, வீட்டில் உள்ள பேசின், ஷவர் மாதிரிச் சாதனங்களின் கணக்கையோ வைத்து, அந்த வீடு அமைப்பின் மேல் ஏற்றும் பாரத்துக்கு ஏற்றபடிதான் வாங்கலாம். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுகிறவர் விஷயமும் இப்படித்தான். அவர் பிடித்திருந்த இடம் அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது, கூடுதலாகப் பிடிப்பதற்குத்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்த மனையில் இருந்த இணைப்புகளைக் கழித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. கேட்டால்தான் கழிப்பார்கள் என்ற ஊர்களில், தயவுசெய்து கேளுங்கள்.

மெயின் லைன் நீட்டும் செலவில் இன்னொரு சிக்கல், முதலில் வருகிறவர் மாட்டிக்கொள்வது. குழாயின் விட்டத்தை இரட்டித்தால் அதே சரிவில் ஏறக்குறைய ஆறு மடங்கு தண்ணீர் போகும், பள்ளம் தோண்டும் செலவோ அவ்வளவு கூடாது. அதனால் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்துப் பெரிய குழாயாகவே போடச் சொல்வது புத்திசாலித்தனம்தான். ஆனால் முழுக் காசையும் முதல் ஆளிடம் வாங்கிக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் அதே குழாயில் சும்மா இணைந்துகொள்ள விட்டால் அது கொள்ளை. பின்னால் இணைகிறவர்களிடம் பங்கு வசூலித்து முதல் ஆளுக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தம் பல நாடுகளில் இருக்கிறது. பில்டர்கள் இதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிட வேண்டும், குழாய் மண்ணுக்குள் போன பிறகு கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலிலிருந்து ஆஃப்வாட் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் விதிப்படி, உட்கட்டமைப்புக் கட்டணமாக வசூலிப்பது, புதுக் கட்டடங்களுக்காகக் குழாய் வலையமைப்பைப் பலப்படுத்தும் செலவோடு ஐந்தாண்டுக் கணக்கில் பொருந்த வேண்டும் (சுத்திகரிப்பு நிலையச் செலவு அதில் வராது, அது பொது பில்லில்). கலிஃபோர்னியாவில் இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிதியாண்டு முடிந்த 180 நாட்களுக்குள் வரவு செலவை வெளியிட வேண்டும். இப்படி எதுவும் இல்லாத வாரியங்கள் அதை அன்றாடச் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் எடுத்துவிடுகின்றன, கட்டுமானம் சுணங்கும் வருடத்தில் வரவு படுத்துவிட, எல்லாருடைய மாத பில்லும் ஏறுகிறது. அந்த நிலையில் புதியவர், பழையவர் இருவருக்குமே நஷ்டம்.

கடைசியில் வீடு வாங்குகிறவர் தலையில்தான் எல்லாம் விழும் என்று கட்டுரை சொல்கிறது. ஓரளவு சரி. ஆனால் தொகை முன்பே தெரிந்திருந்தால் பில்டர் நிலம் வாங்கும்போதே அதைக் கழித்துப் பேரம் பேசுவார், ஒரு பகுதியை நிலம் விற்பவர் ஏற்பார். நிலம் வாங்கி அஸ்திவாரம் போட்ட பிறகு திடீரென்று கட்டணத்தை ஏற்றினால்தான் முழுச் சுமையும் வாங்குகிறவர் மேல் இறங்கும். அதனால் விண்ணப்பித்த தேதியில் இருந்த விகிதமே பொருந்தும் என்ற உறுதி, கட்டணத்தைக் கொஞ்சம் குறைப்பதைவிடப் பெரிய உதவி.

கட்டுரையோடு ஒரு கட்டணச் சீட்டின் படத்தையும் போட்டிருந்தீர்கள். அதில் மூன்றாவது வரியில் இருக்கும் தொகை எத்தனை லிட்டர் கொள்ளளவுக்கு, எந்தத் திட்டத்தின் செலவை வைத்துப் போடப்பட்டது, எந்தக் கணக்கில் சேர்கிறது என்று அந்த வாரியத்திடம் எழுத்தில் கேட்டு, வரும் பதிலை அப்படியே வெளியிடுங்கள். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்