சவுண்ட் கார்டு வாங்குமுன் எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்ப்யூட்டருக்கான விலை உயர்ந்த சவுண்ட் கார்டுகள் பற்றி உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, டப்பாவின் மேல் அச்சிட்ட டெசிபல் எண்ணை (இரைச்சலைவிட ஒலி எவ்வளவு மேலே நிற்கிறது என்ற அளவு, கூடினால் சுத்தம்) வைத்தே கார்டுகளைத் தரம் பிரித்திருந்தது. அதைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-9 கார்டுக்கு 129 டெசிபல் என்று போட்டிருக்கிறார்கள். பல மதர்போர்டுகளில் சேர்ந்தே வரும் ரியல்டெக் ஏஎல்சி1220 சிப்புக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு 120. சிடியின் 16 பிட் ஒலிக்கோ சுமார் 96 போதும். மின்விசிறி ஓடும் அறையில் இந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. ஆனால் 120 என்பது தனிச் சிப்பின் கணக்கு. அதே சிப் மதர்போர்டில் கிராபிக்ஸ் கார்டுக்கும் மின்சுற்றுகளுக்கும் பக்கத்தில் உட்காரும்போது எவ்வளவு தேறுகிறது என்பதுதான் கேள்வி. அது போர்டுக்குப் போர்டு மாறும். எனவே முதலில் கையில் இருப்பதை அளந்து பார்க்க வேண்டும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். இருபுறமும் 3.5 மி.மீ. பின் உள்ள ஸ்டீரியோ கேபிள் ஒன்றும், ரைட்மார்க் ஆடியோ அனலைசர் என்ற மென்பொருளும் இருந்தால் ஆயிற்று. பின்பக்க லைன் அவுட்டிலிருந்து (ஒலி வெளியே வரும் துளை) லைன் இன்னுக்குக் (ஒலி உள்ளே போகும் துளை) கேபிளைப் போட்டு சோதனையை ஓட்டலாம். அதற்கு முன் ஈக்வலைசர், சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு பக்கமும் ஒரே சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி எண்ணாகப் பதிவாகிறது என்ற கணக்கு) வைத்து, உள்ளீட்டு அளவை −1 டெசிபல் அருகே நிறுத்த வேண்டும். 'இந்தச் சாதனத்தைக் கேள்' என்ற விண்டோஸ் தேர்வு இயக்கத்தில் இருந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து முடிவையே கெடுத்துவிடும். இன்னொன்று: இந்தச் சோதனை வெளியீட்டையும் உள்ளீட்டையும் சேர்த்தே அளக்கிறது. இரண்டில் மட்டமானது எதுவோ அதுதான் எண்ணாக வரும். உள்ளீடு 105இல் நின்றால் 129 உள்ள வெளியீடும் 105 ஆகத்தான் தெரியும்.

இரண்டு கார்டுகளைக் காதால் ஒப்பிடுகிறவர்கள் ஒலி அளவைச் சமப்படுத்தாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சற்றே உரக்கக் கேட்பது நல்லதாகத் தோன்றுவது மனித இயல்பு. 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சுருதியில் நீளும் ஒலி) ஓட விட்டு, மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் அளவில் இரண்டையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டுவந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கும். வழக்கமான 1000 ஹெர்ட்ஸில் இதைச் செய்யாதீர்கள். மலிவான மல்டிமீட்டர்கள் பல, 400 ஹெர்ட்ஸ் தாண்டினால் தவறாகக் காட்டும்.

பணம் கொடுத்து வாங்கத் தகுந்த காரணம் ஹெட்போன்தான். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனை இயக்க மதர்போர்டின் வோல்டேஜ் பல நேரம் போதாது. அதற்கு நேர்மாறாக, 16 ஓம் இயர்போனுக்கு வோல்டேஜ் தாராளமாகக் கிடைக்கும். அங்கே பார்க்க வேண்டியது வெளியீட்டு மின்தடை, அதாவது கார்டின் ஹெட்போன் துளைக்கே உள்ள மின்தடை. அது ஹெட்போன் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது, அதாவது 32 ஓமுக்கு 4 ஓம். தாண்டினால் சில இயர்போன்களில் ஒலியின் சாயலே மாறும். ஏஇ-9க்கு 1 ஓம் என்கிறார்கள். இந்த எண்ணைத்தான் உங்கள் கட்டுரை ஒரு கார்டுக்கும் தரவில்லை. ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ கேபிள் வழியாக ரிசீவருக்கு (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) ஒலியை அனுப்புகிறவர்களுக்கு விலை உயர்ந்த கார்டே வேண்டாம். டிஜிட்டலை ஒலியாக மாற்றும் வேலையை அங்கே ரிசீவர் செய்துகொள்கிறது.

'இரைச்சல் வருகிறது, நல்ல கார்டு போட்டால் போய்விடுமா' என்று கேட்பவர்கள்தான் அதிகம். எந்த இரைச்சல் என்று முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். மவுஸை நகர்த்தும்போதோ பக்கத்தை உருட்டும்போதோ கீச்சென்று மாறினால், கம்ப்யூட்டருக்குள் உண்டாகும் மின் இரைச்சல். முன்பக்க ஹெட்போன் துளையில் மட்டும் கேட்டால், கேபினெட்டுக்குள் கிராபிக்ஸ் கார்டை ஒட்டிப் போகும் கவசமில்லாத ஒயர்தான் குற்றவாளி. பின்பக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள், செலவில்லை. எப்போதும் ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் எர்த் லூப், அதாவது இணைத்த சாதனங்கள் வெவ்வேறு வழியில் எர்த்தைத் தொட்டு வளையமாவதால் வரும் இரைச்சல். எந்தக் கார்டாலும் தீராது. ஆம்ப்ளிஃபயரோடு இணைந்த செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி ஒயரைக் கழற்றியதும் நின்றால் காரணம் அதுதான். கரண்ட் போனபோது மட்டும் கொரகொரவென்று கேட்டால் சதுர அலை இன்வெர்ட்டர்.

நம் வீடுகளில் எர்த் இணைப்பு இல்லாத மூன்று பின் சாக்கெட்டுகளுக்குக் குறைவில்லை. எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் கேபினெட்டை 230இல் பாதி, சுமார் 115 வோல்ட்டில் மிதக்க விடும். கை பட்டால் சுருக்கென்று இருப்பது அதனால்தான். மின்னோட்டம் மிகக் குறைவு என்றாலும், ஆம்ப்ளிஃபயருக்கு ஆர்சிஏ பின்னைச் செருகும்போது நடு ஊசி முதலில் தொடுவதால், அந்த வோல்டேஜ் சிக்னல் பாதை வழியாகப் பாய்ந்து கார்டையோ ஆம்ப்ளிஃபயரையோ கெடுக்கலாம். ஆகவே இரண்டையும் பிளக்கோடு உருவிவிட்டுத்தான் கேபிள் மாட்ட வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் 230 அளவில் வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிந்தையது துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் நிம்மதி அடைய வேண்டாம். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒயரால் சேர்த்துவிட்டிருக்கலாம், அது ஆபத்து. இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை ஒடிப்பதும் ஆபத்து.

இத்தனையும் பார்த்த பிறகும் கார்டு வேண்டும் என்றால், பொருத்துவது அரை மணி நேர வேலை. பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்கி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 கார்டு (மதர்போர்டின் சிறிய ஸ்லாட்டில் செருகுவது) நீளமான எக்ஸ்4, எக்ஸ்16 ஸ்லாட்டிலும் உட்காரும். கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்கு நேர் கீழே உள்ள ஸ்லாட்டைத் தவிருங்கள், இரண்டுக்கும் கேடு. சில மதர்போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் சேமிப்புச் சாதனம்) போட்டால் ஒரு ஸ்லாட் செயலிழந்துவிடும். கார்டே தெரியவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகுமுன் மேனுவலில் அந்த அட்டவணையைப் பாருங்கள்.

ஏஇ-9க்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக 6 பின் மின் இணைப்பு வேண்டும். ஏசஸ் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் 2க்கு 4 பின் மோலெக்ஸ். இவை இல்லாத எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் வாங்குமுன்பே யோசிக்க வேண்டும். 8 பின் சிபியு ஒயரை 6 பின் துளையில் திணிக்காதீர்கள். அதில் பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறி இருக்கும், செருகினால் கார்டு புகைந்துவிடும்.

டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். புதிய கார்டுக்கும் மதர்போர்டின் ஒலிக்கும் மோதல் வந்தால் மட்டும் பயாஸில் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அமைப்புத் திரை) மதர்போர்டின் ஒலியை அணையுங்கள். பொருத்தியும் சத்தம் வரவில்லையா? பெரும்பாலும் விண்டோஸ் ஒலியை மானிட்டரின் எச்டிஎம்ஐக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சாம்பிள் ரேட்டை 192 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுவதால் பாட்டு மெருகேறாது. பாட்டு மட்டும் கேட்பவர் 44.1, படம் பார்ப்பவர் 48 வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த முறை இத்தகைய ஒப்பீட்டை வெளியிடும்போது வெளியீட்டு மின்தடை, கூடுதல் மின் இணைப்பு, லைன் இன் உண்டா இல்லையா என்ற மூன்றையும் விலைப் பட்டியலோடு சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலிக்கருவிகள் பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி